மூன்று மணி நேரம், பத்துக் கிலோ துணி

பட்டமளிப்பு விழாக் காலம் வந்துவிட்டால் கெடாவில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. சின்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம், செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் என்று பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்க ஜொகூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு இயந்திரம் பொருத்த வருபவர்கள், சுங்கைப்பட்டாணியில் கல்யாணத்துக்கு வரும் சொந்தபந்தங்கள், பள்ளி விடுமுறையில் லங்காவிக்குப் படகு ஏறும் கூட்டம் என்று மற்றவர்களும் உண்டு. ஹோட்டலில் நான்கு அறை எடுப்பதைவிட மூன்று அறை கொண்ட ஒரு தரை வீடு இவர்களுக்குச் சௌகரியம். அதைத்தான் நாம் ‘ஹோம்ஸ்தே’ என்று அழைக்கிறோம். கறாராகச் சொன்னால் அந்தப் பெயர் சரியில்லை. சுற்றுலா அமைச்சு 1995இல் பகாங், டேசா மூர்னியில் தொடங்கிய ஹோம்ஸ்தே திட்டத்தில் விருந்தினர் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு அதே வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி மாறாது.

இந்த வீடுகளில் பொதுவாக ஒரு குழு பகல் 12 மணிக்குச் சாவியை ஒப்படைக்கும். அடுத்த குழு பிற்பகல் 3 மணிக்குக் கதவைத் தட்டும். நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் மெத்தை விரிப்பு, தலையணை உறை, போர்வை உறை, துவாலை அத்தனையும் மாற வேண்டும். வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் வேறு ஊரில் வேலையில் இருப்பார். வேலையைச் செய்பவர் பக்கத்துத் தாமானில் இருக்கும் ஓர் அம்மாவாக இருப்பார், அல்லது எஸ்.பி.எம். முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அவருடைய மகளாகவோ செமஸ்டர் விடுமுறையில் வந்த மகனாகவோ இருப்பார். தோட்டத்து நிலங்கள் தாமான்களாக மாறிய பிறகு நகரத்துக்கு வந்த பல குடும்பங்களுக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. ‘துணி துவைப்பதுதானே’ என்று இறங்குகிறவர்கள் இரண்டாவது வாரமே திணறுவார்கள். வீட்டுத் துணியை நம் வசதிக்குத் துவைக்கலாம். விருந்தினர் துணிக்கு மணிக்கணக்கு, கிலோக் கணக்கு, காசுக் கணக்கு மூன்றும் உண்டு.

முதலில் கிலோவைப் பார்ப்போம். கடையில் துவாலை வாங்கும்போது அதன் அட்டையில் ஜி.எஸ்.எம். என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. 70க்கு 140 சென்டிமீட்டர் அளவுள்ள, 500 ஜி.எஸ்.எம். துவாலை கிட்டத்தட்ட அரைக் கிலோ எடை. ஆறு பேர் தங்கும் வீட்டில் ஆறு துவாலை, மூன்று கிலோ. இரண்டு பெரிய கட்டில், இரண்டு ஒற்றைக் கட்டில் என்று வைத்துக்கொண்டு விரிப்புகளையும் போர்வை உறைகளையும் தலையணை உறைகளையும் இதே முறையில் கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 10 கிலோ வரும். வீட்டுச் சலவை இயந்திரம் பொதுவாக 7 அல்லது 8 கிலோ பிடிக்கும். ஆக, இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் என்றால் அதிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. காய்வது எப்போது, இஸ்திரி போடுவது எப்போது?

அதனால் அன்றைக்குத் துவைத்து அன்றைக்கே விரிப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஹோட்டல்கள் பல காலமாகக் கையாளும் வழி ஒன்று உண்டு. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் துணி: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். அந்த மூன்று மணி நேரத்தில் அலமாரி செட்டை எடுத்து விரித்தால் போதும். அழுக்குத் துணியை மாலையிலோ மறுநாளோ நிதானமாகப் பார்க்கலாம். உரிமையாளர் இரண்டே செட் வாங்கிக் கொடுத்துவிட்டு ‘எப்படியாவது சமாளியுங்கள்’ என்று சொன்னால், அந்தச் சமாளிப்பின் விலை துவைப்பவரின் தூக்கம்தான். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்னரே மூன்றாவது செட்டைக் கேட்டுவிடுவது நல்லது.

கொச்சியில் இன்னும் கயிறு

இந்த வேலையைப் பெரிய அளவில், அதுவும் தமிழர்களே செய்யும் ஓரிடம் கேரளத்தில் இருக்கிறது. கொச்சிக் கோட்டைப் பகுதியில், வேளி என்ற இடத்தில் உள்ள ‘தோபி கானா’ அது. டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் உடைகளைத் துவைப்பதற்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள் என்பது அங்குள்ள வரலாறு. இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். முன்பு குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976இல் துவைக்கும் தொட்டிகள், உலர்த்தும் வெளி, இஸ்திரிக் கூடம் ஆகியவற்றோடு ஓரிடம் கட்டித் தரப்பட்டது. அதை நிர்வகிப்பது வண்ணார் சங்கம்.

டச்சுப் படை போய்விட்டது, ஆங்கிலேயர் போய்விட்டார்கள், துணி மட்டும் நிற்கவில்லை. கொச்சிக் கோட்டை சுற்றுலாத் தலமானதும் அங்குள்ள ஹோட்டல்களின், சுற்றுலா விடுதிகளின் விரிப்புகள் இவர்களிடம் வரத் தொடங்கின. இப்போது அந்தத் தோபி கானாவையே சுற்றுலாப் பயணிகள் வந்து படம் பிடிக்கிறார்கள். தாங்கள் நேற்றிரவு படுத்த விரிப்பு கொடியில் ஆடுவதைப் பார்த்தாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

அங்கே கவனிக்க வேண்டியது அந்தக் கொடி. துணி மாட்டும் கிளிப் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி ஒன்றாக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கின் இடைவெளியில் துணியின் முனையைச் செருகிவிட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. துணியில் கிளிப் பதிந்த தடமும் இருக்காது, துருவும் ஏறாது. கஞ்சி போடுவதற்கு அரிசிக் கஞ்சிதான். கரி இஸ்திரிப் பெட்டிகள் கணிசமாகக் குறைந்து, மின்சாரமும் எரிவாயுவும் வந்திருக்கின்றன.

‘டோபி’ என்ற சொல்லை மலாய்மொழி இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ‘டோபி காட்’ என்ற இடப்பெயர்கள், ஆற்றங்கரையில் துவைத்த நம்மவர்களின் நினைவாகவே நிற்கின்றன. இன்று சுங்கைப்பட்டாணியில் தாமானுக்குத் தாமான் திறந்திருக்கும் சுய சேவை டோபியில் காசு போட்டுத் துவைக்கும் எவரும் அதைத் தாழ்வான வேலை என்று நினைப்பதில்லை. ஆனால் அதே வேலையைக் கூலிக்குச் செய்யும்போது மட்டும் சிலருக்கு முகம் சுளிக்கிறது. ஊரில் சாதியோடு கட்டிவைத்த தொழில் என்பதால் வந்த சுளிப்பு அது. கப்பலேறி வந்து நூறாண்டுக்கு மேலாகியும் அதை மூட்டையில் வைத்திருப்பது வேடிக்கைதான்.

கறை ஒரு வேதியியல் பாடம்

துணியில் வரும் கறைகளைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம். இரசாயனப் பாடம் எடுக்கும் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

கல்யாண வீட்டார் தங்கிப் போனால் மஞ்சள் கறை நிச்சயம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், காரத்தன்மை பட்டால் சிவந்துவிடும். சவர்க்காரம் காரம். அதனால் மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டதும் அது செங்காவி நிறமாக மாறும். பலர் பதறிப்போய்க் குளோரோக்ஸ் புட்டியைத் தேடுவது இந்த நேரத்தில்தான். பதற்றம் வேண்டாம். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகிவிடும். அதன்பிறகு வேலையைச் செய்வது வெயில். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும். ஈரத்தோடு வெயிலில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் வெளுத்துவிடும். நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும், குர்குமின் என்ற பெயர்தான் தெரியாது.

இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. சுடுநீர் பட்டால் அதிலுள்ள புரதம், முட்டை வெந்து கெட்டியாவதைப் போல் நூலோடு இறுகிவிடும். சலவைத்தூளில் இருக்கும் நொதிகள் புரதத்தைத் துண்டாக்கக் கூடியவை. அவற்றுக்கு நேரம் வேண்டும். அரை மணி நேரம் ஊறவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

லங்காவி வீடுகளில் வேறொரு தொல்லை. கடற்கரைக்குப் போய்வந்தவர்களின் துவாலையிலும் தலையணை உறையிலும் துவைத்த பிறகு துருப்பிடித்தது போல் ஆரஞ்சு நிறத் திட்டுகள் தோன்றும். துவைக்கும் முன் இல்லாத கறை துவைத்த பிறகு வருவதால் இயந்திரத்தின் மேல் பழி விழும். உண்மையில், பல வெயில்தடுப்புப் பூச்சுகளில் அவோபென்சோன் என்ற பொருள் இருக்கிறது. நீரில் உள்ள இரும்போடு அது சேர்ந்தால் இந்த நிறம் வரும். கிணற்று நீரும் பழைய இரும்புக் குழாயும் உள்ள இடங்களில் இது அதிகம். இதில் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம், அல்லது துணிக்கென்று விற்கும் துருநீக்கி உதவும்.

வெளுப்பானைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளோரின் வெளுப்பானை வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலத் திரவம் எதோடும் கலக்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். அம்மோனியா கலந்த திரவங்களோடும் கூடாது. ஜன்னல் சாத்திய குளியலறையில் அவசர அவசரமாக வேலை பார்க்கும்போதுதான் இப்படிப்பட்ட விபத்து நடக்கிறது. எலுமிச்சை போட்ட துணியை முழுதாக அலசிய பிறகே வேறு எதையும் தொட வேண்டும்.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால் துணியை உதறக் கூடாது. அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி, டோபிக் கடைக்கு எடுத்துப்போய், உலர்த்தியில் அதிக சூட்டில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். முட்டையும் சேர்ந்து சாகும். பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம்.

வெயிலும் உலர்த்தியும்

கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் துணிக்குப் பொற்காலம். ஜனவரி, பிப்ரவரியில் வடக்கே மழை குறைவு. கனத்த துவாலைகூட அரைநாளில் காயும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கதையே வேறு. மாலையானால் மழை, கொடியில் கிடக்கும் துணியில் பூஞ்சை வாடை. அரை ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்த விரிப்பு விருந்தினர் மூக்குக்கு உடனே தெரிந்துவிடும். இந்த மாதங்களில் உலர்த்திக்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும். அதை விலையில் சேர்க்க வேண்டும்.

உலர்த்தியில் ஓர் ஆபத்து இருக்கிறது. உடம்பு பிடித்துவிடும் எண்ணெய், தேங்காய் எண்ணெய் படிந்த துவாலைகள் ஒருமுறை துவைத்தால் முழுதாகப் போகாது. மீதி எண்ணெயோடு அதிக சூட்டில் உலர்த்தி, சுடச்சுட எடுத்துக் குவித்து வைத்தால் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கலாம். நெருப்பு வைக்க யாரும் வேண்டியதில்லை. எண்ணெய்த் துவாலைகளைத் தனியே, சலவைத்தூள் சற்றுக் கூடுதலாகப் போட்டு, சுடுநீரில் துவைக்க வேண்டும். உலர்த்தி கடைசியில் குளிர்ந்த காற்றில் சுற்றும் அந்தச் சில நிமிடங்களைப் பொறுமையில்லாமல் நிறுத்தக் கூடாது.

துவாலைக்கு மணக்கும் மென்மையாக்கித் திரவம் போடும் பழக்கத்தையும் விடலாம். நூலின் மேல் மெழுகுபோல் படிந்து நீரை உறிஞ்சவிடாது. மணக்கும், துடைக்காது.

பழைய தோட்ட வீடுகளில் பள்ளிச் சட்டைக்கு நீலம் போட்டது பெற்றோருக்கு நினைவிருக்கும். மஞ்சளேறிய வெள்ளைத் துணியில் லேசான நீலம் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இன்றைய சலவைத்தூளில் அந்த வேலையை ஒளிர்வூட்டிகள் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் பொருட்கள் அவை. ஆக, ‘பளிச்’சென்று வெளுத்திருப்பதாக நாம் நினைப்பதில் பாதி, கண்ணை ஏமாற்றுவது.

இஸ்திரி

பருத்தி ஏன் கசங்குகிறது? அதன் நூலிழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் அவிழ்ந்து, காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் மீண்டும் பிணைந்துகொள்கின்றன. கசங்கிக் காய்ந்தால் கசங்கல்தான் நிலைக்கும். இஸ்திரி போடும்போது நீராவியும் சூடும் அந்தப் பிணைப்பை அவிழ்க்க, பெட்டியின் எடை நேராக்குகிறது. ஆகவே எலும்பாகக் காய்ந்த பிறகு தேய்ப்பதைவிட, லேசான ஈரத்தில் தேய்த்தால் பாதி நேரத்தில் முடியும். பாலியஸ்டர் கலந்த விரிப்பு வேறு ஜாதி. அது சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும். உலர்த்தி நின்றவுடன் எடுத்து உதறி மடித்தால் இஸ்திரியே வேண்டியிராது. கூடையில் அப்படியே குவித்துவிட்டு உணவருந்தப் போனால், திரும்பி வரும்போது மடிப்புகள் எல்லாம் நிரந்தரமாகியிருக்கும்.

துணியின் ஓரத்தில் தைத்த சிறு துண்டில் இஸ்திரிப் பெட்டியின் படமும் அதற்குள் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. பாலியஸ்டர் கலந்ததில் பருத்தியின் சூட்டை வைத்தால் துணி பளபளத்துப் பாழாகும். சூடு குறைவாக வேண்டியதை முதலில் தேய்த்துவிட்டுப் பருத்திக்குப் போவதே சரியான வரிசை. பெட்டி சூடேறுவது சீக்கிரம், ஆறுவது மெதுவாக.

எல்லாவற்றையும் தேய்க்க வேண்டுமா? என் கருத்தில், தேவையில்லை. தலையணை உறை கட்டாயம், ஏனென்றால் விருந்தினர் கதவைத் திறந்ததும் பார்ப்பது அதைத்தான். மேல் விரிப்பில் மடித்துவிடும் ஒரு முழம் போதும். மெத்தைக்கு அடியில் செருகப்படும் பகுதியைத் தேய்ப்பது மின்சாரத்துக்கும் முதுகுக்கும் கேடு. நம் சுவரிலுள்ள 13 ஆம்பியர் செருகி ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்றே 2,000 வாட்டைத் தாண்டக்கூடும். ஒரே நீட்டிப்புக் கம்பியில் இஸ்திரிப் பெட்டியையும் தண்ணீர்க் கெண்டியையும் சேர்த்து மாட்டக் கூடாது.

மடித்து வைக்கும்போது எந்த விரிப்பு எந்தக் கட்டிலுக்கு என்று விரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது பெரிய நேர விரயம். இந்தியாவின் வண்ணார்கள் சேராங்கொட்டையின் அழியாத கருஞ்சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போட்டார்கள். அந்தச் சாறு சிலர் தோலைப் புண்ணாக்கியதும் உண்டு. நமக்கு அது வேண்டாம். ஓரத்தில் பெரிய கட்டிலுக்குச் சிவப்பு நூல், ஒற்றைக்கு நீல நூல் என்று நாலு தையல் போட்டால் போதும்.

எவ்வளவு கேட்பது?

மேலே சொன்ன பத்துக் கிலோவுக்குத் திரும்புவோம். கட்டிலிலிருந்து உருவிப் பிரிக்க 20 நிமிடம், இயந்திரத்தில் போட்டு எடுத்துக் காயவைக்க 30 நிமிடம், இஸ்திரி ஒரு மணி நேரம், துவாலை மடிக்க 10 நிமிடம், மீண்டும் விரிக்க 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் தானாக ஓடும் நேரத்தைச் சேர்க்காமலே இரண்டரை மணி நேரம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 17 காசு. இரண்டரை மணி நேரத்துக்கு 20 வெள்ளிக்கு மேல் ஆகிறது. இது உழைப்புக்கு மட்டும். சலவைத்தூள், தண்ணீர், மின்சாரம், டோபி உலர்த்திக்குப் போடும் காசு எல்லாம் தனி.

‘சோப்பு எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 15 வெள்ளி’ என்று யாராவது பேசினால், தோட்டத்தில் வளர்ந்த அம்மா தயங்காமல் சரி என்று சொல்லிவிடுவார். வீட்டிலிருந்தபடியே வரும் காசுதானே என்று தோன்றும். மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நேரத்தையும் செலவையும் எழுதிக் காட்டினால் அவருக்கே புரிந்துவிடும். உரிமையாளரிடம் காட்டவும் அந்த நோட்டு உதவும். ‘அதிகம் கேட்கிறார்கள்’ என்று சொல்பவரும் தேதி, கிலோ, நிமிடம் என்று எழுதியதைப் பார்த்தால் சற்று யோசிப்பார்.

வேலை இரண்டு மூன்று வீடுகளாகப் பெருகினால் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், பதிவு செய்துகொள்ளலாம். சொந்தப் பெயரில் தனிநபர் வணிகப் பதிவுக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. பெர்கேசோவில் சுயதொழில் செய்பவர்களுக்கான பாதுகாப்புத் திட்டமும் உண்டு. இஸ்திரிப் பெட்டியோடும் ஈரத் தரையோடும் வேலை பார்ப்பவர்கள் அதை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். விருந்தினர் விரிப்பைக் கிழித்தால், மருதாணிக் கையோடு படுத்து உறையைப் பாழாக்கினால், துவாலையை எடுத்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு? துவைப்பவர் தலையில் விழாதிருக்க ஒரே வழி, அறைக்குள் நுழைந்ததும் எதையும் தொடுவதற்கு முன் கைப்பேசியில் கட்டிலையும் குளியலறையையும் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது. படத்தில் நேரம் பதிவாகிவிடும். அதன்பிறகு விரிப்பை உருவலாம்.